நான்காவது பகுதியைத் தேடி மூன்று மாதம்

'டாக்டர் ஹூ' தொடரை ஆரம்பத்திலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு, அதிலும் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் மீது என்னைப்போல் பிரியம் வைத்துவிட்டவர்களுக்கு இதை எழுதுகிறேன். காலத்தில் பயணிக்கும் டாக்டர் என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் அறிவியல் கதைத் தொடர் அது; ஒரு நடிகர் விலகும்போது டாக்டரின் உருவமே மாறி, அடுத்த நடிகர் அதே பாத்திரத்தைத் தொடர்வார். ஹார்ட்னெல் விடைபெறும் கதையின் பெயர் 'த டென்த் பிளானட்'. 1966 அக்டோபர் 8 முதல் 29 வரை, சனிக்கிழமைக்கு ஒன்றாக நான்கு பகுதிகள் பிபிசியில் வந்தன. முதல் மூன்றும் இருக்கின்றன. அவர் நிஜமாகவே விடைபெறுகிற நான்காவது பகுதி இதுவரை எங்கும் கிடைக்கவில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் 156 பவுண்டைத் தொலைத்தேன். அன்றைய என் சம்பளத்துக்கு அது ஏறக்குறைய பதினான்கு மணி நேர இரவு வேலை. பணத்தை மறுபடி சம்பாதித்துவிட்டேன். கூடவே போன மூன்று மாதத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வட இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 2023 கடைசியில் தனியாக வந்து இறங்கினேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. இல்லத்தில் எழுபதைத் தொட்ட ஒருவர் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் வராது. அறைக்குள் போனால் "உட்கார், ஏதாவது பேசு" என்பார். எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். சின்ன வயதில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து டாக்டர் ஹூ பார்த்ததை, பயம் தாங்காமல் சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை எல்லாம் சொன்னார். அந்த வெள்ளை முடிக் கிழவரைத்தான் அவருக்குப் பிடிக்கும். அப்புறம் வந்தவர்களை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

2023 நவம்பரில்தான் பழைய தொடரில் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதியை பிபிசி தன் இணையச் சேவையான ஐபிளேயரில் ஏற்றியிருந்தது. பிரேக் நேரத்தில் கொஞ்சம், லீவு நாளில் கொஞ்சம் என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததை அவரிடம் போய்ச் சொல்வேன். அவர் நினைவில் இருப்பதை அவர் சொல்வார். பேச்சு நடுவில் ஒரு சொல் வராமல் போய்விட்டால் "ம்?" என்று என்னைப் பார்த்துவிட்டு வேறு சொல்லைப் போட்டுச் சமாளித்துக்கொள்வார். ஹார்ட்னெல்லும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால், நாடகம் போல ஒரே ஓட்டமாக நடித்துப் பதிவு செய்வார்கள். வசனம் பிசகினால் பிசகினதுதான். அவர் தடுமாறுவதும், தடுமாற்றத்தையே அந்தப் பாத்திரத்தின் குணமாக்கிக் கடந்து போவதும் திரையில் அப்படியே தெரியும். ரத்தக் குழாய்கள் தடித்துப்போகும் நோய் அவருக்கு இருந்தது. உடம்பு நாளுக்கு நாள் மோசமாகித்தான் தொடரை விட்டு விலகினார். அப்போது வயது 58. என் வேலையில் தினமும் பார்க்கிற ஒன்றை அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையிலும் பார்த்ததால்தானோ என்னவோ, அவர் மீது அவ்வளவு ஒட்டுதல் வந்துவிட்டது.

2024 செப்டம்பர் கடைசியில் 'த டென்த் பிளானட்'டுக்கு வந்து சேர்ந்தேன். முதல் இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் பார்த்தேன். 1986இல் நடப்பதாகக் கதை. அவர்களுக்கு அது இருபது வருடத்துக்கு அப்பாலிருந்த எதிர்காலம். தென் துருவத்தில் பனிக்கடியில் ஒரு விண்வெளிக் கண்காணிப்பு நிலையம். பூமியின் இரட்டையான மோண்டாஸ் என்ற கோள் நெருங்கி வந்து பூமியின் சக்தியை உறிஞ்சுகிறது. அங்கிருந்து வரும் எதிரிகளான சைபர்மேன்கள் தொடரில் முதன்முதலாக வருவது இந்தக் கதையில்தான். முகத்தில் துணி சுற்றி, நெஞ்சில் பெரிய கருவியைக் கட்டிக்கொண்டு, ராகம் போட்டு இழுத்துப் பேசுவார்கள். கைகள் மட்டும் மனிதக் கைகளாகவே இருக்கும். எழுதிய கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் கருவியாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மனிதன் என்று எது மிஞ்சும் என்ற பயத்திலிருந்து பிறந்தவர்கள் அவர்கள். பின்னால் வந்த பளபளப்பான உலோக சைபர்மேன்களைவிட இவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அடிவயிறு சில்லிடுகிறது.

மூன்றாவது பகுதியில் எனக்கு முதல் அடி. ஆரம்பத்திலேயே டாக்டர் மயங்கி விழுகிறார். பகுதி முழுக்க எழுந்திருக்கவே இல்லை. கடைசிக் கதையில் கதாநாயகனைப் படுக்க வைத்துவிட்டார்களே என்று கோபம் வந்தது. அந்த வாரம் ஹார்ட்னெல்லுக்கு மூச்சுக்குழாய் அழற்சி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவருக்கு எழுதிய வசனங்களை, டாக்டரோடு பயணிக்கும் பென் முதலான மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, விழுவதற்கு மட்டும் வேறொருவரை முகம் தெரியாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு உட்காருங்கள். கோபப்படாமல் பார்த்தால், அவர் இல்லாத அந்த இருபத்துச் சொச்சம் நிமிடமும் விடைபெறுதலின் ஒரு பகுதியாகவே மனதில் நிற்கும்.

அடுத்து நான்காவதைத் தட்டினேன். கார்ட்டூன் ஓடியது. ஒரு நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை. பத்து மாதம் பார்த்த முகத்தின் இடத்தில் கோட்டுச் சித்திரம் வாயசைக்கிறது. நிறுத்திவிட்டேன். இங்கேதான் நான் தப்பாகக் கணக்குப் போட்டேன். தொடரின் முதல் கதை உரிமைச் சிக்கலால் ஐபிளேயரில் இல்லை என்று படித்திருந்தேன். இடையில் சில கதைகள் இல்லாததற்கும் அதுதான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஆகவே இந்த நான்காவது பகுதியும் வெளியே எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று நம்பினேன். இல்லத்துப் பெரியவரிடம் போய், "கடைசிப் பகுதியை உங்களோடு சேர்ந்து பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லியும்விட்டேன்.

நடந்தது என்னவென்றால், அன்றைக்கு வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் பிபிசி அதை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தும். வெளிநாட்டுக்கு விற்பதற்காக 16 எம்எம் பிலிமில் பிரதி எடுப்பார்கள். விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும் அந்தப் பிலிம்களையும் குப்பைக்கு அனுப்பினார்கள். 1978 வாக்கில்தான் இது நின்றது. அதற்குள் 1960களின் பகுதிகள் நூற்றுக்கும் மேல் போய்விட்டன. பிறகு சில திரும்பி வந்ததும் உண்மைதான். 1992இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை வந்தது. 2013இல் நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது பகுதிகளைப் பற்றிய அறிவிப்பு வந்தது. இந்தச் செய்திகளை அரைகுறையாகப் படித்ததுதான் எனக்கு வினையாகப் போனது. அங்கே கிடைத்தது என்றால் இதுவும் ஒருவர் கையில் ஏன் இருக்கக் கூடாது என்று மனம் சொன்னது.

அக்டோபர் இரண்டாம் வாரம், பழைய பொருட்கள் விற்கும் தளம் ஒன்றில் ஓர் ஆள் அகப்பட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிலிம் பிரதி, நான்காவது பகுதி முழுசாக இருக்கிறது, பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன், 85 பவுண்டு என்றார். இருபது விநாடி மாதிரி ஒன்றும் அனுப்பினார். ஹார்ட்னெல்லின் முகம் ஒளியில் கரைந்து புது முகமாக மாறுகிற காட்சி. பார்த்ததும் கை நடுங்கியது. தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். எட்டு நாள் கழித்து பென்டிரைவ் வந்தது. திறந்தால் வரிசையாக அசையாத படங்கள், பின்னணியில் குரல்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடி, மேசை டிராயரில் வீசினேன். ஆளுக்கு எழுதினேன், பதில் இல்லை. நேரடிப் பரிமாற்றம் என்பதால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று தளத்தார் கைவிரித்தார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து போனில் கேட்ட அம்மாவிடம்கூட, இந்த மாதம் பணம் குறைவாக அனுப்பியதற்கு வேறு காரணம் சொன்னேன்.

அந்த இருபது விநாடியைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரும் அதை நம்பித்தான் ஏமாறுவார். முகம் மாறும் காட்சி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1973இல் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதை எடுத்துப் போட்டார்கள், அதன் வழியாக மிஞ்சியது. ஆகவே ஒருவர் அந்தக் காட்சியைக் காட்டுவதால் அவரிடம் முழுப் பகுதியும் இருக்கிறது என்று பொருளில்லை. ப்ளூ பீட்டருக்குக் கடன் கொடுத்துத்தான் இந்தப் பகுதியே தொலைந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. அப்படித் தொலைந்தது வேறொரு கதையின் பகுதி. அதுபோலவே, வீட்டு டிவித் திரைக்கு முன்னால் 8 எம்எம் கேமராவைப் பிடித்து எடுத்த சில விநாடித் துண்டுகளும் உண்டு. அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் ஒருவர், தன்னிடம் இந்தப் பகுதி வீடியோவில் இருக்கிறது என்று சொல்லி பிபிசியையே கொஞ்ச நாள் நம்ப வைத்திருக்கிறார். அதுவும் பொய்யாய்ப் போனது. நிஜமாகக் கிடைத்தால் அது நாட்டுச் செய்தியாகும். 85 பவுண்டுக்கு பென்டிரைவில் வராது. அப்புறம், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்கிற யாரோடும், எந்தப் பொருளுக்காகவும், பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

நவம்பரில் இன்னும் இரண்டு தடவை சறுக்கினேன். 2000இல் வந்த வீடியோ கேசட்டில் 'நான்கு பகுதியும்' இருக்கிறது என்று எங்கோ படித்து, கேசட்டும் பழைய பிளேயரும் சேர்த்து 38 பவுண்டுக்கு வாங்கினேன். இரண்டாவது பகுதியில் டேப் சிக்கி அறுந்தது. பிறகு 2013 டிவிடி, பழையது, 12 பவுண்டு. உறையில் இரண்டு டிஸ்க் என்று போட்டிருந்தது, பெட்டிக்குள் ஒன்றுதான். அதிலும் நான்காவது பகுதி அதே கார்ட்டூன். பழைய டிவிடி வாங்கும்போது இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கிலாந்துப் பதிப்பா என்றும் கேளுங்கள். அமெரிக்கப் பதிப்பு இங்குள்ள சாதாரண பிளேயரில் ஓடாது.

இதற்கிடையில் இல்லத்துப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "கிடைத்ததா?" என்பார். "இன்னும் ஒரு வாரம்" என்பேன். சில ராத்திரி எதைக் கேட்டோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும், ஆனால் நான் எதற்கோ அலைகிறேன் என்பது மட்டும் நினைவிருக்கும். டிசம்பர் நடுவில் நான்கு நாள் லீவு முடிந்து போனபோது அவர் அறையில் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் வேறு இல்லத்தில் இடம் கிடைத்து, அங்கே மாற்றிவிட்டார்களாம். போனவர்களை நாங்களாகத் தேடித் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. சரியான விதிதான். அன்று ராத்திரி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அறையைக் கடந்தபோதெல்லாம் தொண்டை அடைத்தது.

ஒரு வாரம் எதையும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு டிஸ்க்கும் உள்ள டிவிடி ஒன்றை 21 பவுண்டுக்கு வாங்கினேன். தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்பது தவிர வேறு எண்ணம் இல்லை. இரண்டாவது டிஸ்க்கில் நான்காவது பகுதியின் இன்னொரு வடிவம் இருந்தது. ஓட விட்டால், அதே அசையாத படங்கள், அதே குரல்கள். அக்டோபரிலிருந்து என் டிராயரில் கிடந்த பென்டிரைவில் இருந்தது இதுவேதான். படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கி என்னிடம் விற்றிருக்கிறார். அவரை அதற்காக மன்னிக்கமாட்டேன். ஆனால் நான் கோபத்தில் மூடாமல் இருபத்தைந்து நிமிடம் பார்த்திருந்தால், அந்த வாரமே பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்திருக்கலாம். இரண்டு மாதம் இருந்தது எங்களுக்கு.

அந்தப் படங்கள் ஜான் குரா என்பவர் எடுத்தவை. டிவி ஓடும்போது திரையைப் புகைப்படம் எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்பதுதான் அவர் தொழில். ஒலி வந்த வழி வேறு. 1960களில் ரசிகர்கள் சிலர் வீட்டில் டேப் ரெக்கார்டரை டிவியோடு வைத்து நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். அழிந்துபோன எல்லாப் பகுதிகளுக்கும் ஒலி மட்டும் தப்பியிருப்பது அவர்களால்தான். ஆகவே ஹார்ட்னெல்லின் குரல் முழுசாக இருக்கிறது, அவர் முகமும் அசையாமல் இருக்கிறது. இதே ஒலிக்குக் கார்ட்டூன் எடுத்தவர்கள் அக்கறையோடுதான் செய்திருக்கிறார்கள். கதையோட்டம் புரிய அது நல்லது, குழந்தைகளோடு பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் இந்த மனிதரிடம் விடைபெற வேண்டும் என்று உட்காருபவர்கள் முதலில் படங்களும் குரலும் உள்ள வடிவத்தைப் பாருங்கள். ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தபோதுதான் எனக்குக் கேட்டது. தன் கிழட்டு உடம்பு தேய்ந்து மெலிந்துவிட்டது என்கிறார் டாக்டர். மோண்டாஸ் அளவுக்கு மீறி உறிஞ்சி வெடித்துப்போகிறது, சைபர்மேன்கள் சரிகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று பென் சொல்ல, முடியவில்லை, முடிவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்கிறார் அவர். குரல் வேறு எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். தன் காலப் பயண வண்டியான டார்டிஸுக்குத் திரும்ப வேண்டும், உடனே போக வேண்டும் என்று பதறுகிறார். பென் மேலங்கியைக் கொடுக்கும்போது நன்றி சொல்லிவிட்டு, "நல்லது, குளிர் படாமல் இருங்கள்" என்கிறார். டாக்டராகத் தொடர்ந்து நடித்த காலத்தில் ஹார்ட்னெல் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. பெரிய வசனம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் போர்வையை இழுத்துவிட்டு நாங்கள் சொல்லிவிட்டு வருகிற வார்த்தை. அதன் பிறகு அவர் தனியாகப் பனியில் நடக்கிறார், கதவு திறக்கிறது, தரையில் விழுகிறார், முகம் ஒளியில் கரைந்து அடுத்த டாக்டரான பாட்ரிக் ட்ரௌட்டனாகிறது. அந்தக் காட்சியை லண்டன் ரிவர்சைட் ஸ்டுடியோவில் 1966 அக்டோபர் 8ஆம் தேதி எடுத்தார்கள். இதே கதையின் முதல் பகுதி ஒளிபரப்பானதும் அதே நாள்தான். நாடு முழுக்க ஆரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளிலேயே அவர் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டால், ட்ரௌட்டனின் முதல் கதையான 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்'. அதன் ஆறு பகுதியும் இல்லை, 2016இல் வந்த கார்ட்டூன் வடிவம் உண்டு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தேடாதீர்கள். ஹார்ட்னெல்லை இன்னொரு தடவை அசையும் முகமாகப் பார்க்க வேண்டுமானால் 1972 டிசம்பர் கடைசியில் தொடங்கிய 'த த்ரீ டாக்டர்ஸ்' இருக்கிறது. நோய் முற்றிய நிலையில், உட்கார்ந்தபடியே, திரைக்குள் ஒரு திரையில் வருவார். வண்ணத்திலேயே படமெடுத்து அவர் டாக்டராகத் தெரிவது அதில்தான். அதுவே அவர் நடித்த கடைசி வேடம். 1975 ஏப்ரலில் காலமானார். 'த டென்த் பிளானட்' டிவிடிப் பெட்டியிலேயே, தொடரை விட்ட சில மாதத்தில் ஒப்பனை அறையில் உட்கார்ந்து அவர் கொடுத்த ஒரு சின்ன நேர்காணலும் இருக்கிறது. அதில் டாக்டர் துளிகூட இல்லை, ஒரு கறாரான நடிகர் மட்டும் இருக்கிறார். அதைக் கடைசியில் பாருங்கள். 2017 கிறிஸ்துமஸ் கதை 'ட்வைஸ் அபான் எ டைம்' இந்தத் தென் துருவக் காட்சிகளிலிருந்துதான் தொடங்கும், அதில் டேவிட் பிராட்லி முதல் டாக்டராக நடித்திருக்கிறார். அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அவர் முகம் குறுக்கே வரும், ஆகவே பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஐபிளேயர் பார்க்க டிவி லைசென்ஸ் வேண்டும், பிரிட்டனுக்கு வெளியே அது திறக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

டிவிடியை நான் வைத்துக்கொள்ளவில்லை. இல்லத்தின் பொது அறையில் டிவிக்குக் கீழே பழைய படங்கள் அடுக்கிய அலமாரி ஒன்று உண்டு, அங்கே வைத்துவிட்டேன். உறைக்கு மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினேன்: நான்காவது பகுதிக்கு இரண்டாவது டிஸ்க்கைப் போடவும். போன வாரம் பார்த்தேன், உறை இருந்தது, டிஸ்க் உள்ளே இல்லை. யாரோ ராத்திரியில் எடுத்துப் போயிருக்கிறார்கள்.